ஒரு ரிங்கிட் கட்டணமும் ஒரு நாள் கூலியும்: சுகாதார அமைச்சருக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு சுகாதார அமைச்சர் அவர்களுக்கும் அமைச்சின் உயர் அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

மலேசியாவின் பேராக் மாநிலத்தின் தென்பகுதியில், பழைய நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு தோட்டப் பட்டணத்திலிருந்து இம்மடலை எழுதுகிறேன். 1965-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்ப் பதிவுபெற்ற தோட்ட மருத்துவ உதவியாளனாக, தோட்டத்து மக்களின் சொல்லில் ‘டிரெசராக’, ஒரு ரப்பர் தோட்டத்தில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் வேலை பார்த்தேன். தோட்டம் கைமாறி, பால்மரங்கள் சாய்க்கப்பட்டு, செம்பனை நடப்பட்ட பிறகு பட்டணத்திலுள்ள தனியார் கிளினிக் ஒன்றில் பணியாற்றி ஓய்வுபெற்றேன். ஓய்வு என்பது சம்பளத்துக்குத்தான் வந்தது. தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தை விட்டு வெளியேறி மலிவு விலை வீடுகளில் குடியேறிய என் பழைய தோட்டத்து மக்கள் இன்றும் அப்பாயின்ட்மெண்ட் அட்டைகளையும் மருந்துப் பைகளையும் எடுத்துக்கொண்டு என் வீட்டுத் திண்ணைக்கு வருகிறார்கள். அந்த அட்டைகளைப் படித்துப் படித்து என் மனத்தில் சேர்ந்த ஒரே செய்தியைத்தான் உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்: இந்த நாட்டில் சிகிச்சையின் விலையைக் குறைத்துவிட்டோம், சிகிச்சைக்குப் போய்ச்சேரும் விலையை இன்னும் குறைக்கவில்லை.

அரசாங்க வெளிநோயாளர் பிரிவில் குடிமகன் கட்டுவது 1 ரிங்கிட். நிபுணரைப் பார்க்க 5 ரிங்கிட். இதற்காக எந்த நாட்டாரின் முன்னிலையிலும் நான் தலைநிமிர்ந்து பேசுவேன். பணம் இல்லை என்பதற்காக வாசலிலேயே திருப்பி அனுப்பப்படாத நாட்டில் வாழ்கிறோம் என்பதை நான் ஒரு நாளும் மறந்ததில்லை. ஆனால் அந்த 1 ரிங்கிட்டைச் செலுத்தும் முகப்புக்கு வந்துசேர ஒருவர் என்ன இழக்கிறார் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். மாதம் 1,700 ரிங்கிட் என்னும் குறைந்தபட்சச் சம்பளத்தில், வாரத்துக்கு ஆறு நாள் வேலை செய்பவரின் ஒரு நாள் கூலி 65 ரிங்கிட் 38 சென். நாள்கூலிக்கும் குத்தகைக்கும் (ஒப்பந்தத்துக்கும்) வேலை செய்வோர்தான் எங்கள் பட்டணத்தில் அதிகம். வேலைக்குப் போகாத நாளுக்கு அவர்களுக்குக் கூலி இல்லை.

என்னிடம் வரும் ஒரு பெண்மணியைப் பற்றிச் சொல்கிறேன். வயது ஐம்பத்து நான்கு. பள்ளிக்கூடம் ஒன்றில் குத்தகை நிறுவனத்தின் துப்புரவுப் பணியாளர். இளம் வயதில் என் தோட்டத்தில் பால்மரம் வெட்டி, அதாவது பட்டையைச் சீவி ரப்பர் பால் எடுத்து, உழைத்தவர். இனிப்புநீரும் (நீரிழிவும்) இரத்தக் கொதிப்பும் பதினைந்து ஆண்டுகளாக உண்டு. இப்போது சிறுநீரகமும் தளரத் தொடங்கியிருக்கிறது. போன ஆண்டு அவர் வைத்திருந்த அட்டைகளையெல்லாம் நாட்காட்டியோடு வைத்து எண்ணினேன். இரத்தம் கொடுக்க ஒரு நாள், அதன் முடிவோடு மருத்துவரைப் பார்க்க இரண்டு வாரம் கழித்து வேறொரு நாள், கண்ணுக்கு ஒரு மருத்துவமனை, சிறுநீரகத்துக்கு இன்னொரு மருத்துவமனை, இவை போதாதென்று மாதந்தோறும் மருந்து வாங்க ஒரு நாள். மொத்தம் இருபத்திரண்டு நாட்கள். மருந்து வாங்கப் போன நாளுக்கு எம்.சி. என்னும் மருத்துவ விடுப்புச் சான்று கிடைப்பதில்லை, வந்துபோன நேரத்தைக் காட்டும் ‘டைம் சிலிப்’ மட்டுமே கிடைக்கும், அந்தச் சீட்டுக்குக் குத்தகைக்காரர் கூலி கொடுப்பதில்லை. பேருந்து நேரத்துக்கு வராது. எங்கள் தாமானுக்குள் (குடியிருப்புக்குள்) கிராப் வாடகைக் கார் ஓட்டுநர்கள் வர விரும்புவதில்லை. வாடகைக்குக் கார் பிடித்தால் நிபுணர் மருத்துவமனைக்குப் போய்வர 80 ரிங்கிட். 5 ரிங்கிட் சிகிச்சைக்கு அவர் செலவழித்தது எவ்வளவு என்பதை உங்கள் அதிகாரிகள் ஒரு தாளில் போட்டுப் பார்க்கலாம். நான் போட்டுப் பார்த்தபோது, கூலி இழப்பு மட்டுமே ஏறத்தாழ ஒரு மாதச் சம்பளத்துக்கு வந்தது.

இவரைப் போன்றவர் மூன்று முறை வராமல் போனால் பதிவேட்டில் ‘டிஃபால்ட்’, அதாவது வரத் தவறியவர், என்று எழுதப்படுகிறது. அச்சொல்லை எழுதும் தாதியரைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. நூறு பேர் காத்திருக்கும் காலைப்பொழுதில் அவர்கள் என்னதான் செய்வார்கள்? ஆயினும் அந்த ஒரு சொல் நோயாளியின் கோப்பில் நிலைத்துவிடுகிறது. அடுத்த முறை அவர் வரும்போது முதலில் விழுவது கண்டிப்பு. கண்டிப்புக்கு அஞ்சி நான்காவது முறையும் வராமல் இருந்துவிடுகிறார். என் தோட்டத்தில் வேலை செய்த ஒருவர், செம்பனைக் காட்டில் ரப்பர் பூட்ஸுக்குள் பட்ட சிறு காயத்தை மூன்று மாதம் யாரிடமும் காட்டவில்லை. ஏற்கெனவே இரண்டு அப்பாயின்ட்மெண்டுகளைத் தவறவிட்டிருந்ததால் கிளினிக்கில் ஏசுவார்கள் என்று பயந்தார். இனிப்புநீர் நரம்பைக் கெடுத்திருந்ததால் காயம் வலிக்கவும் இல்லை. கடைசியில் முழங்காலுக்குக் கீழே காலை எடுக்க வேண்டியதாயிற்று. அவருக்கு மருந்து இல்லாமல் போகவில்லை. மருந்து இருந்த இடத்துக்கும் அவர் இருந்த இடத்துக்கும் நடுவில் இருந்த தூரமே அவருடைய காலைக் கொண்டுபோனது.

இந்தத் தூரம் எப்படி வந்தது என்பதையும் சற்றுச் சொல்ல வேண்டும். ஆங்கிலேயர் காலத்தில் மலேரியாவிலும் வயிற்றுப்போக்கிலும் தோட்டத்துக்கு வந்த நம் முன்னோர் கூட்டங்கூட்டமாக இறந்த பிறகே, தொழிலாளருக்கு மருத்துவமனை நடத்தும் பொறுப்பைச் சட்டம் தோட்ட முதலாளியின் தலையில் வைத்தது. அப்படித்தான் தோட்டத்து ஆஸ்பத்திரிகளும், பல தோட்டங்கள் சேர்ந்து நடத்திய குரூப் ஆஸ்பத்திரிகளும், என்னைப் போன்ற டிரெசர்களும் உருவானோம். சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் அரசாங்கம் கிராமப்புறச் சுகாதாரச் சேவையைத் தொடங்கி, நாடு முழுவதும் கிராமக் கிளினிக்குகளையும் பெரிய சுகாதாரக் கிளினிக்குகளையும் கட்டியது. உலகம் பாராட்டிய பணி அது. ஆனால் தோட்டம் தனியார் நிலம். அங்குள்ளோரின் நலன் முதலாளியின் பொறுப்பு என்று விடப்பட்டது. 1990-ஆம் ஆண்டு வந்த 446-ஆவது சட்டமும், அதாவது தொழிலாளர் குறைந்தபட்ச வீட்டுவசதித் தரச் சட்டமும், அதே வழியில்தான் சென்றது. முதலாளி இருக்கும்வரை அந்த ஏற்பாடு குறைகளோடேனும் ஓடியது. தோட்டம் விற்கப்பட்டு மக்கள் வெளியேறியபோது, ஒருவரின் பொறுப்பு முடிந்தது. இன்னொருவரின் பொறுப்பு தொடங்கவில்லை.

நான் பழைய தோட்ட வாழ்வைப் புகழ வரவில்லை. லயத்து வீட்டின் வறுமையும், கணக்கரான கிராணிக்கும் மேற்பார்வையாளரான மண்டோருக்கும் அஞ்சி வாழ்ந்த வாழ்வும் திரும்பி வர வேண்டாம். ஒன்றை மட்டும் சொல்வேன். விடியற்காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டுக்கு ஆட்கள் கூடும்போது நானும் அங்கே நிற்பேன். யாருடைய கண் மஞ்சளாக இருக்கிறது, யார் நொண்டி நடக்கிறார், யார் இரண்டு நாளாக வரவில்லை என்று அங்கேயே தெரிந்துவிடும். வராதவர் வீட்டுக்கு ஏழு மணிக்குள் போய்விடுவேன். படிக்கத் தெரியாத பாட்டிமார்களுக்கு மருந்துப் பையின்மேல் காலைக்கு ஒரு சூரியனும் இரவுக்கு ஒரு பிறையும் வரைந்து கொடுப்பேன். மருத்துவம் மக்களைத் தேடி நடந்த காலம் அது. என்னிடம் இருந்த மருந்துகள் இன்றைய மருந்துகளின் கால்தூசு பெறாதவை. இன்றைய மருந்தும் அன்றைய நடையும் சேர்ந்தால் எத்தனை கால்களையும் கண்களையும் காப்பாற்றலாம் என்று எண்ணாத நாளில்லை.

நோயின் அளவை உங்களுக்கு நான் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. உங்கள் அமைச்சின் 2023-ஆம் ஆண்டுத் தேசியச் சுகாதார ஆய்வு, பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு உண்டு என்றும், அவர்களில் ஐவரில் இருவருக்குத் தமக்கு நோய் இருப்பதே தெரியாது என்றும் கண்டது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியரிடையேதான் இந்நோய் மிக அதிகம். இந்நாட்டில் புதிதாக இரத்தச் சுத்திகரிப்புக்கு (டயாலிசிஸுக்கு) வருவோரின் சிறுநீரகத்தைக் கெடுத்த முதற்காரணமும் நீரிழிவே. அந்தச் சிகிச்சை வாரத்துக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ நான்கு மணி நேரம். ஆண்டுக்கு 156 முறை. மாதம் ஒருநாள் மருந்து வாங்க வர முடியாமல் போனவர், பிறகு ஆண்டுக்கு 156 நாள் வர வேண்டியவராகிறார். அவருக்கும் அது பேரிழப்பு; அரசாங்கக் கருவூலத்துக்கும் பேரிழப்பு.

உங்கள் அமைச்சால் முடியாது என்று யாரும் சொல்ல முடியாது. கல்லீரல் அழற்சி சி (ஹெப்படைட்டிஸ் சி) நோய்க்குச் சொஃபோஸ்புவிர் என்னும் மாத்திரை வந்தபோது, அமெரிக்காவில் பன்னிரண்டு வாரச் சிகிச்சைக்கு அதன் பட்டியல் விலை 84,000 டாலர். 2017-இல் நம் அரசாங்கம் 1983-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 84-ஆவது பிரிவு தரும் உரிமையை, அதாவது காப்புரிமையாளரின் இசைவின்றியே அரசாங்கம் பயன்படுத்தும் உரிமையைக் கையாண்டு, அம்மருந்தின் மலிவான பொது வகையை (ஜெனரிக்) கொண்டுவர வழிசெய்தது. மறு ஆண்டிலிருந்து அரசாங்க மருத்துவமனைகளில் அச்சிகிச்சை இலவசமாகக் கிடைத்தது. அதற்கும் முன்பே, 2003-இல், எச்.ஐ.வி. மருந்துகளுக்காக இதே உரிமையை மலேசியா பயன்படுத்தி இந்தியாவிலிருந்து மருந்து தருவித்தது. அந்த இரண்டு முடிவுகளும் பெரிய நிறுவனங்களின் எதிர்ப்பை அறிந்தே எடுக்கப்பட்டவை. எண்பத்து நான்காயிரம் டாலர் என்னும் மலையை நகர்த்திய அமைச்சிடம்தான் எங்களுக்கும் மருத்துவமனைக்கும் இடையிலுள்ள நாற்பது கிலோமீட்டர் சாலையைக் குறைத்துத் தாருங்கள் என்று கேட்கிறேன்.

முதலில் மருந்து வாங்கும் நாள். மருந்துச் சீட்டு பல மாதங்களுக்கு எழுதப்பட்டாலும் மருந்து மாதம் மாதமாகவே கொடுக்கப்படுகிறது. வீட்டில் மருந்து வீணாகாமலிருக்க இது தேவை என்பதை ஒரு டிரெசராக நான் ஏற்கிறேன். ஆனால் அந்த மாதாந்தர மருந்தை, சீட்டு எழுதிய மருத்துவமனைக்கே போகாமல், வீட்டுக்கு அருகிலுள்ள அரசாங்கக் கிளினிக்கின் மருந்தகத்திலேயே பெற்றுக்கொள்ளும் ஏற்பாடு உங்கள் அமைச்சிடம் பல ஆண்டுகளாக இருக்கிறது. ‘எஸ்.பி.யு.பி.’ என்று அதிகாரிகள் சொல்லும் அந்த ஒருங்கிணைந்த மருந்து வழங்கும் முறையைக் கேட்டால் தருவார்கள். கேட்க வேண்டும் என்று யாருக்குத் தெரியும்? என் திண்ணைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் அதைப் பற்றிக் கேள்விப்பட்டதே இல்லை. கேட்டவர்க்கு மட்டும் கிடைப்பது என்பதை மாற்றி, தொலைவிலிருந்து வரும் ஒவ்வொருவருக்கும் அதுவே இயல்பான முறையாக வேண்டும். வேண்டாம் என்பவர் வேண்டுமானால் சொல்லிவிட்டு விலகிக்கொள்ளட்டும். முகப்பில் இருப்பவர் ‘உங்கள் வீட்டுக்கு அருகில் எந்தக் கிளினிக்?’ என்று ஒரு கேள்வி கேட்டால் போதும். அந்தக் கேள்வியும் விளக்கத் தாளும் தமிழிலும் இருக்கட்டும்.

அஞ்சலில் மருந்து அனுப்பும் சேவையும் உண்டே என்பீர்கள். நல்ல சேவைதான், பட்டணத்துக்குள் இருப்போருக்குப் பயன்படுகிறது. இன்னும் தோட்டத்துக்குள் இருக்கும் குடும்பங்களுக்கு வீட்டுவாசலில் அஞ்சல் வருவதில்லை. தோட்ட அலுவலகத்தில் மொத்தமாகப் போட்டுவிட்டுப் போகிறார்கள், பொட்டலம் அங்கேயே கிடக்கிறது. மேலும் 2 முதல் 8 பாகை செல்சியஸ் வரையிலான குளிர்ச்சியில் காக்க வேண்டிய இன்சுலினைச் சாதாரண அஞ்சல் பையில் போட்டு அனுப்ப இயலாது. எங்கள் மக்களுக்கு அதிகம் தேவைப்படுவது அதுதான். ஆகவே கிராமக் கிளினிக்குகளிலும், மக்கள் இசைந்தால் தமிழ்ப்பள்ளி மண்டபத்திலோ கோயில் மண்டபத்திலோ, மாதம் ஒருமுறை குளிர்பெட்டியோடு ஒரு மருந்தாளுநரும் ஒரு தாதியும் வந்து உட்காரும் ஏற்பாட்டைச் செய்து பாருங்கள். கோவிட் காலத்தில் தடுப்பூசிக் குழுக்கள் தோட்டத்துக்குள் வந்ததை நாங்கள் கண்ணாரக் கண்டோம். குளிர்பெட்டி அப்போது வந்தது, இப்போதும் வரும்.

அடுத்தது, ஒரே நோயாளியின் வெவ்வேறு அப்பாயின்ட்மெண்டுகளை ஒரே நாளில் வைப்பது. விழித்திரையைப் படமெடுக்கும் கருவியும் பாதப் பரிசோதனையும் சிறுநீரில் புரதம் பார்ப்பதும் எல்லாமே ஒரு காலைப்பொழுதில் முடியக்கூடியவை. சில சுகாதாரக் கிளினிக்குகளில் அப்படியே நடக்கிறது என்று அறிகிறேன். அது அந்தந்தக் கிளினிக் மருத்துவரின் நல்ல மனத்தைப் பொறுத்திருக்கிறது. அது விதியாக வேண்டும். மாலை நேரத்திலும் சனிக்கிழமையிலும் நாள்பட்ட நோயாளிகளைப் பார்க்கும் வசதியும் தோட்டப் பட்டணங்களுக்கு வேண்டும். அதற்கு வேண்டிய ஆட்களும் ஈட்டுத்தொகையும் கொடுக்காமல் ஏற்கெனவே களைத்திருக்கும் தாதியரின் தலையில் அதைச் சுமத்தக்கூடாது என்பதையும் சேர்த்தே கேட்கிறேன்.

உங்கள் அமைச்சின் மருந்துப் பட்டியலில் ஒவ்வொரு மருந்தின் எதிரேயும் ஓர் எழுத்து இருப்பதை வெளியார் பலர் அறியார். ‘ஏ’ என்றால் நிபுணர் மட்டுமே எழுதலாம். ‘ஏ/கேகே’ என்றால் குடும்ப மருத்துவ நிபுணரும் எழுதலாம். ‘பி’ என்றால் நிபுணரல்லாத மருத்துவரான மருத்துவ அதிகாரியும் எழுதலாம். பாதுகாப்பும் செலவும் கருதி வகுத்த முறை இது, நான் மதிக்கிறேன். ஆனால் ஓர் எழுத்து மாறினால் ஒரு நோயாளியின் பயணம் எத்தனை கிலோமீட்டர் குறையும் என்பதையும் அந்த எழுத்தைத் தீர்மானிக்கும் குழு கணக்கில் எடுக்க வேண்டும். சிறுநீரகத்தைக் காக்கும் மருந்துகளைப் பொறுத்தவரை இது அவசரம். குடும்ப மருத்துவ நிபுணர் இல்லாத கிளினிக்குகளுக்கு ஒருவர் மாதத்தில் சில நாட்களேனும் முறைவைத்து வரட்டும்.

பயணச் செலவைப் பற்றி ஒரு சொல். 2019-இல் தொடங்கிய பெக்கா பி40 திட்டம், வருமானம் குறைந்தோருக்கு இலவசப் பரிசோதனையும் மருத்துவக் கருவிகளுக்கு 20,000 ரிங்கிட் வரையிலான உதவியும் தந்தது. எனக்குத் தெரிந்த சிலர் அதனால் பயன்பெற்றார்கள். தீபகற்ப மலேசியாவில் 500 ரிங்கிட் வரையிலான பயண உதவியும் அதில் உண்டு. அது கருவி உதவி பெறுவோருக்கும் புற்றுநோய்ச் சிகிச்சை பெறுவோருக்கும் என்று வகுக்கப்பட்டது. கண்பார்வை மங்கிவரும் நீரிழிவு நோயாளிக்கும், சிறுநீரக நிபுணரிடம் போகும் என் துப்புரவுப் பணியாளருக்கும், காலில் கட்டு மாற்றப் போகும் முதியவருக்கும் அந்த உதவியை நீட்டுங்கள். பரிசோதனை செய்து நோய் இருக்கிறது என்று சொல்லிவிட்டு, அதைக் குணப்படுத்தப் போகும் வழிக்கு உதவாமல் விட்டால், ஏழைக்கு அது கூடுதல் கவலையை மட்டுமே தருகிறது.

பேச எனக்கு மிகவும் கடினமாக இருக்கும் ஒன்று இன்னும் உண்டு. தோட்டத்தில் பிறந்து, பிறப்புப் பத்திரம் பதியப்படாமலோ பெற்றோரின் திருமணம் பதியப்படாமலோ போனதால், அடையாள அட்டை இல்லாமல் வாழ்நாளைக் கழித்தவர்கள் எங்களிடையே இருக்கிறார்கள். மருத்துவமனையில் அவர்களிடம் வெளிநாட்டினருக்குரிய கட்டணம் கேட்கப்படுகிறது. இந்த மண்ணிலேயே பிறந்து, இந்த மண்ணின் மரத்தையே வெட்டி முதுமையடைந்த ஒரு மூதாட்டி, முன்பணம் கட்ட முடியாமல் வீட்டுக்குத் திரும்பி வந்ததை நான் பார்த்தேன். குடியுரிமை உள்துறை அமைச்சின் பொறுப்பு. கட்டணம் உங்கள் பொறுப்பு. குடியுரிமை விண்ணப்பம் நிலுவையில் இருக்கும் முதியோரிடமும் குழந்தைகளிடமும் குடிமகன் கட்டணமே வாங்கலாம் என்று ஓர் ஆணை பிறப்பிக்க இன்னொரு அமைச்சின் முடிவுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை என்று நம்புகிறேன்.

2023 ஜூன் மாதம் நாடாளுமன்றம் ஏற்றுக்கொண்ட சுகாதார வெள்ளை அறிக்கை, நோய் வந்தபின் பார்ப்பதைவிட ஆரோக்கியத்தைக் காப்பதை முன்வைக்கிறது. பொதுச் சுகாதாரச் செலவை மொத்த உள்நாட்டு உற்பத்தியின் 5 விழுக்காட்டுக்கு உயர்த்துவதையும் இலக்காகக் கொண்டிருக்கிறது. அந்தப் பணம் வரும்போது பெரிய பட்டணங்களில் பெரிய கட்டடங்கள் எழும். எழட்டும், அவையும் தேவை. அவற்றின் பட்டியலைத் தயாரிக்கும் அதே மேசையில், எந்தத் தோட்டப் பட்டணத்து நோயாளி எத்தனை நாள் கூலியை இழக்கிறார் என்ற எண்ணும் இருக்க வேண்டும். இப்போது எந்த அறிக்கையிலும் அந்த எண்ணை நான் காணவில்லை. ‘டிஃபால்ட்’ என்று எழுதும் கட்டத்துக்குப் பக்கத்தில் ‘ஏன் வரவில்லை’ என்று இன்னொரு கட்டத்தைச் சேர்த்தால் ஓராண்டிலேயே அது கிடைத்துவிடும். இதற்குச் செலவு எதுவும் ஆகாது.

உங்கள் அமைச்சிலிருந்து ஓர் அதிகாரியை, மாநில அலுவலகத்திலிருந்தேனும், எங்கள் பட்டணத்துக்கு ஒரு செவ்வாய்க்கிழமை அனுப்புங்கள். அன்றுதான் கண் பிரிவுக்குப் போகிறவர்கள் அதிகம். விடியற்காலை ஐந்தே கால் பேருந்துக்கு எங்கள் சந்திப்பில் நிற்பார்கள். கையில் தண்ணீர்ப் புட்டியும், பையில் ரொட்டியும், நெகிழித் தாளில் சுற்றிய அட்டையும் இருக்கும். அவர்களோடு அந்த அதிகாரி ஏறட்டும். திரும்பி வந்து இறங்கும்போது மணி என்ன என்று பார்த்துக் குறித்துக்கொள்ளட்டும். துணைக்கு நானும் வருகிறேன்.

பணிவன்புடன்,

ஓய்வுபெற்ற தோட்ட மருத்துவ உதவியாளர்,
தென் பேராக்